குடம் தூக்கலாமா, குழந்தை பிறக்குமா? மும்பை வாசகர்களின் புற்றுநோய்க் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த பிறகு ஞாபகம் வந்தவை. அடுத்த தடவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தாளைப் பார்த்துக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்து நாள். ராத்திரியில் காய்ச்சல் வருகிறது, பாராசிட்டமால் கொடுத்தால் இறங்குகிறது. காலை வரை பார்க்கலாமா?
– தாராவி வாசகி

பார்க்கக் கூடாது. கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள்தான், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும். அம்மா இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறார். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. சளி, இருமல் எதுவும் இல்லாமலே ரத்தத்தில் தொற்று பரவியிருக்கலாம்.

மழை நாளில் ஹிந்த்மாதாவில் தண்ணீர் நின்றால் பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியாது. சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம், அங்கேயே போங்கள். போனதும் முதல் வார்த்தையாக ‘கீமோ சாலூ ஹை’ (கீமோ நடந்துகொண்டிருக்கிறது) என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஃபைலை ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வையுங்கள்.

மார்பு ஆபரேஷனில் அக்குள் நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) எடுத்தார்கள். சிகிச்சையெல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். இனி அந்தக் கையால் குடமே தூக்கக் கூடாது என்கிறார்களே?
– ஆன்டாப் ஹில் வாசகி

ஆயுசுக்கும் தூக்கக் கூடாது என்பது பழைய அறிவுரை. நெறிகளை எடுத்த பிறகு அந்தக் கையிலிருந்து நிணநீர் வடியும் பாதை குறைகிறது, வீக்கம் வரலாம் என்பது உண்மை. அதற்காகக் கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகி, சடை பின்னக்கூட முடியாமல் போகும். சுமையைப் படிப்படியாகக் கூட்டினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கையைக் காட்டுங்கள். அவர் சரி என்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் ஆரம்பியுங்கள். சில வாரம் கழித்துச் சின்ன வாளி, அப்புறம் அரைக் குடம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து அந்தக் கையால் அணைத்துக்கொண்டு படி ஏறுவது இப்போதைக்கு வேண்டாம். அதை வீட்டு ஆண்கள் செய்யட்டும். டாக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள்.

வீக்கத்தை வளையல் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். சுலபமாகச் சுழன்ற வளையல் இறுகினாலோ, ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடித்தாலோ உடனே வாருங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையும் மசாஜும் நன்றாகக் கைகொடுக்கும். மீன் ஆயும்போது ரப்பர் கையுறை போடுங்கள். கை சிவந்து சுட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மகனுக்கு 23 வயது, ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ. பின்னால் கல்யாணம், குழந்தை எல்லாம் எப்படி? இதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது?
– செம்பூர் வாசகி

அம்மா, நாளைக்கே கேளுங்கள். நன்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் இது ஒன்று. அதனால்தான் பின்னால் வரும் வாழ்க்கையை இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. சில மருந்துகள் விந்தணுவைக் குறைத்துவிடும். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. முதல் கீமோவுக்கு முன்னாலேயே எடுத்து உறையவைத்துவிட்டால், மைனஸ் 196 டிகிரியில் பல வருடம் கெடாமல் இருக்கும். ஓரிரு நாள் வேலை. டாக்டரோடு மகனைத் தனியாகப் பேச விடுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பையன் வாயே திறக்க மாட்டான்.

கருமுட்டையையும் இப்படிச் சேமிக்கலாம். அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும், முதல் நாளே கேட்க வேண்டும். பெண்பிள்ளைக்காக இந்தக் கேள்வியோடு வரும் குடும்பங்களை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் தாத்தாவுக்குப் புற்றுநோய். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?
– மாட்டுங்கா வாசகர்

வேண்டவே வேண்டாம். புற்றுநோய் தொற்றாது. பேரனுக்குச் சளி இருக்கும்போது மட்டும் அவனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதுவும் தாத்தாவின் பாதுகாப்புக்காக.

கன்னத்தில் ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து எட்டு மாதம். வாய் சரியாகத் திறக்கவில்லை, வேலைக்குப் போக வெட்கமாக இருக்கிறது. செக்கப் தேதி நெருங்கினால் தூக்கம் வருவதில்லை.
– சயான் கோலிவாடா வாசகர்

செக்கப்புக்கு முந்தைய நாட்களில் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. வாய்ப் புற்றுநோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களில்தான். அடிக்கடி கூப்பிடுவதற்குக் காரணம் அதுதான், தேதியைத் தவறவிடாதீர்கள்.

வாய் திறக்க ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் வைக்கும் பயிற்சி உண்டு. முறையை ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு தினமும் பல தடவை செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு குச்சி கூடினாலும் லாபம்தான். இன்னொன்று: பத்து வருடம் கழித்துப் பல் பிடுங்கினாலும், முதலில் ரேடியேஷன் டாக்டரிடம் கேளுங்கள். கதிர் பட்ட தாடையில் புண் ஆறாமல் போகலாம்.

வேலைக்குப் போங்கள். லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம், சான்றிதழைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குக் குழைந்த தயிர்சாதம் கொண்டுபோங்கள். கேட்பவர்களிடம் ‘ஆபரேஷன் ஆச்சு’ என்றால் போதும். மாவா (புகையிலை, பாக்குக் கலவை) நீட்டுகிறவர் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள்.