வாசகர் கேள்வி: விலகிப் போவதா, நேரே நிற்பதா?

கேள்வி: ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 10:23). பிலிப்பி பட்டணத்துச் சிறையில் விடுதலை உத்தரவு வந்த பிறகும் பவுல் போக மறுத்தது பிடிவாதம் இல்லையா?

பதில்: இல்லை. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வரிசையாகப் படியுங்கள். ஊர் அதிகாரிகள் விசாரணையே இல்லாமல் பவுலையும் உடன் ஊழியர் சீலாவையும் ஊரறிய அடித்து, உட்காவலறையில் தொழுமரத்தில் கால்களை மாட்டினார்கள். விடிந்ததும் சேவகரை அனுப்பி, சத்தமில்லாமல் போகச் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ரோமக் குடிமக்கள்; ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது ரோமச் சட்டப்படியே குற்றம். அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்றார் பவுல் (16:37). கேட்டது அது ஒன்றுதான். அடித்தவர்களுக்குத் தண்டனை கேட்கவில்லை, நஷ்டஈடும் கேட்கவில்லை.

ஏன் அதை மட்டும் கேட்டார்? அந்த ஊரில் விசுவாசத்துக்கு வந்த லீதியாளும், அன்றிரவு ஞானஸ்நானம் பெற்ற சிறைச்சாலைக்காரன் குடும்பமும் அதே ஊரில்தானே வாழவேண்டும்? பவுல் இரகசியமாகப் போயிருந்தால், குற்றவாளியைப் பின்பற்றியவர்கள் என்ற பழி அவர்கள் தலையில் விழுந்திருக்கும். அவர் நின்றது அவர்களுக்காக என்றே நான் நம்புகிறேன். அதிகாரிகள் நேரில் வந்து வேண்டிக்கொண்டதும், லீதியாள் வீட்டில் சகோதரரைத் தேற்றிவிட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

தமஸ்குவில் நிலைமை வேறு. அங்கே கொலைத் திட்டம், வாசல்களில் காவல். அதனால்தான் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமிலோ, வாரினால் கட்டும்போதே, முதல் அடி விழுமுன் நூற்றுக்கு அதிபதியிடம் தன் உரிமையைக் கேட்டார் (22:25).

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிலர் புகுந்து கூச்சலிட்டு நிறுத்திவிட்டார்கள். மன்னித்து விட்டுவிடுவதா, புகார் கொடுப்பதா?

பதில்: இரண்டையும் செய்யலாம். மன்னிப்பது உங்கள் மனதின் காரியம். அடுத்த வாரம் அதே அறைக்கு வரப்போகிற வயதானவர்களையும் பிள்ளைகளையும் காப்பது உங்கள் பொறுப்பு. சட்டப்படி நடக்கும் வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 300-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கூட்டத்தில் யாரும் கை ஓங்க வேண்டாம். ஒரு தள்ளுமுள்ளு போதும், இரு தரப்பின் மேலும் வழக்கு வரும். அன்றிரவே நேரம், வந்தவர்கள், சொன்ன வார்த்தைகள், உடைந்த பொருட்கள், பார்த்த சாட்சிகள் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். வீடியோ இருந்தால் வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.

புகார் பலவீனப்படுவது பெரும்பாலும் எழுதும் விதத்தால்தான். "எங்கள் மதத்தை ஒழிக்கப் பார்க்கிறார்கள்" என்று தொடங்காமல், "இத்தனை மணிக்கு இன்னார் உள்ளே வந்து இதைச் செய்தார்" என்று எழுதுங்கள். கேட்டதையும் பார்த்ததையும் கலக்காதீர்கள். அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி வைத்திருந்தால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

புகாரை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால் அதன் நகல் இலவசம். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அங்கே அதைக் காட்டவேண்டி வரும்.