ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன், இப்போது அடுப்படியில் நிற்கிறேன்

கேள்வி: எனக்கு வயது 39. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும்போது ஒரு வாலிபர் முகாமில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிக் கேட்டு, அழுது ஜெபித்து, என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். அப்புறம் பி.எட்., கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அத்தைக்குப் பக்கவாதம் வந்து படுக்கையானதும் மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேலையையும் விட்டேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். எழுந்தால் சமையல், அத்தையைத் துடைத்துவிடுவது, துணி, பிள்ளைகள் (சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வேறு கணக்கு கேட்க வந்துவிடுவாள்), இப்படியே பொழுது போகிறது. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சடித்த அட்டை) இந்த முறையும் எரேமியா 29:11தான். ஒரு கூட்டத்தில் ஒரு போதகர் தலையில் கைவைத்து, ‘இந்த வருஷம் உனக்குக் கதவு திறக்கும்’ என்றார். ஒன்றும் திறக்கவில்லை. என்னைக் குறித்த தேவசித்தத்தை நான் தவறவிட்டுவிட்டேனா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புச் சகோதரி,

தவறவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

வாக்குத்தத்த அட்டைகள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் பீரோ கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். உங்களுக்கு வந்த ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்பது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. கடிதம் யார் யாருக்குப் போனது என்று அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். அதில் ஆசாரியர்களும் இருக்கிறார்கள். பலி செலுத்தவும் ஆலயத்தில் நிற்கவும் அழைக்கப்பட்டவர்கள், பாபிலோனில் ஆலயமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இனி நாம் எதற்கு?’ என்று அவர்களும்தான் கேட்டிருப்பார்கள்.

அவர்களுக்கு வந்த பதில்: ‘வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.’ கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனத்தில் வருகிறது. அதற்கு அடுத்ததுதான் உங்கள் அட்டையில் இருக்கிற பதினோராம் வசனம். பத்தாம் வசனத்தை அட்டையில் அச்சடித்து நான் இதுவரை பார்த்ததில்லை!

அதற்கு முந்தின அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. உங்கள் தலையில் கைவைத்தவரை நான் அனனியா என்று சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் வருஷம் குறித்துக் கொடுக்கிற வார்த்தை நடக்காமல் போனால், பழி அதைக் கேட்டவர் தலையில் விழுகிறது. ‘என் விசுவாசம் பத்தவில்லை, நான்தான் தவறவிட்டேன்’ என்று வீட்டுக்குப் போய் அழுவது நீங்கள்தான். அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

சரி, ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கு வருவோம். முகாம்களில் அவர் கதையில் பாதியைத்தான் சொல்வார்கள். அவர் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். நம் திருநெல்வேலிச் சீமையில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் சுவிசேஷம் சொன்னார். அதுதான் தன் அழைப்பு என்று நினைத்திருந்தார். 1901-ல் கோவிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பிள்ளைகள், கைக்குழந்தைகள். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? வண்டிப் பயணம் நின்றது. பால் காய்ச்சுவதும், காய்ச்சலுக்கு ராத்திரி விழித்திருப்பதும் அவர் வேலையானது. இதற்காகவா மிஷனரியாக வந்தாய் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. 1931-ல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தன் அறையிலேயே கிடந்தார். அங்கே படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்கள் செய்ததும் ஊழியம்தானே? நீங்கள் அத்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அதற்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

முகாமில் நீங்கள் ஒப்புக்கொடுத்தது ஒரு பதவிக்கு இல்லை. ஒரு ஆளிடம், கர்த்தரிடம், உங்களைக் கொடுத்தீர்கள். அவர் உங்களைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

இதைச் சொன்னதும் எனக்கு ஒரு பயம் வருகிறது. ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’ என்ற கொலோசெயர் வசனத்தைச் சொல்லியே நம் சபைகளில் வீட்டுப் பெண்களிடம் இன்னும் நாலு வேலையைத் தள்ளிவிடுவார்கள். பவுல் அதை எழுதியது அடிமைகளாக இருந்தவர்களுக்கு. யாரும் மதிக்காத வேலையைக் கர்த்தர் பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னார். கையோடு எஜமான்களையும் கூப்பிட்டு, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்றார். அந்த இரண்டாவது பாதி உங்கள் வீட்டில் யாருக்காவது வாசிக்கப்பட்டதா என்பதுதான் என் கேள்வி.

மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒற்றை ஆளாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ என்ன சொன்னார்? ‘நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது.’ கர்த்தருடைய வேலைதானே, தாங்கிக்கொள் என்று சொல்லவில்லை. ஆளைப் பிரித்து வை என்றார். உங்கள் கணவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையா? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்தால், கணவர் அடுத்து லீவில் வரும்போது எல்லாரையும் உட்காரவைத்து, யார் எந்த மாதம் வந்து தங்குவது, தங்க முடியாதவர் பகலில் வரும் ஆளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேசினால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். அத்தையின் மகனான அவரே பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும் நேரத்துக்கு அத்தையோடு இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். மாதம் ஒருவர் என்று முறை வைத்தாலும் போதும். அப்புறம், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஒருவேளை உங்களுக்கே தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால், டாக்டரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த அந்த எதிர்வீட்டுப் பெண். இருக்கிற வேலை போதாதென்று அவள் ‘வேறு’ வந்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எட். முடித்த கணக்கு டீச்சரின் வாசலுக்கு ஒரு பிள்ளை தானாக வந்து நிற்கிறது, அதுவும் கூப்பிடாமல். அவளோடு இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் என்று வரையறுத்து உட்காரவைத்துப் பாருங்கள். வசதி உள்ளவர்களிடம் ஃபீஸ் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு மணி நேரத்தை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பள்ளி வேலைக்குத் திரும்பிப் போகலாமா என்பதை, அத்தைக்கு ஆள் ஏற்பாடான பிறகு யோசிக்கலாம். ஏற்பாடு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.