மாத்திரைப் பையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதியோர் மருத்துவக் கல்வி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைக் கற்பிக்க எனக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பிற்பகல். மூப்பில் ஒவ்வோர் உறுப்பும் எப்படி மாறுகிறது என்று சொல்லி முடிக்கவே நேரம் போதவில்லை. எதை விடலாம்?

– மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த விரிவுரையையே விட்டுவிடுங்கள், அது புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போய், ஒரு நோயாளியின் மாத்திரைப் பையைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக வந்தது, எந்த மாத்திரைக்குப் பின்னால் வந்தது என்று கேட்கட்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கிறோம், கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு, சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைட் கொடுத்தால் சிறுநீர் அடிக்கடி போகிறது. அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின். அது மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பதால் நோயாளி குழம்பிப்போகிறார். மறதிநோய் என்று வீட்டார் அழைத்து வருவார்கள். நான்காவது மருந்தை எழுதாமல் முதல் மருந்துக்குத் திரும்பிப் போகும் பழக்கம் மாணவருக்கு வந்துவிட்டால், அந்தப் பிற்பகல் வீணாகவில்லை.

அங்கேயே ஒரு கணக்கும் கொடுங்கள். 85 வயதுப் பெண்மணி, எடை 45 கிலோ, ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.0 மி.கி./டெ.லி. ஆய்வக அறிக்கை இயல்பு என்று சொல்லும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிடும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு 29 மில்லிலிட்டர்தான் வரும். தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் உருவாவதே குறைவு. அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

பிறகு நின்றநிலை ரத்த அழுத்தம். நாற்காலியில் இருந்தவரை எழுப்பி ஒருமுறை அளந்துவிட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. 5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நோய்க்குறி. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும்.

திடீர்க் குழப்பம் என்றதும் மாணவர்கள் கூச்சலிடுபவரைத் தேடுவார்கள். பேசாமல் தூங்கிக் கிடப்பவரிடம்தான் அது அதிகம் தவறிப்போகிறது. கவனம் சிதறுகிறதா என்று பார்க்க, நோயாளியை மாதங்களின் பெயர்களைப் பின்னோக்கிச் சொல்லவைக்கட்டும். "முந்தாநாள் இப்படித்தான் இருந்தாரா?" என்று கூட இருப்பவரைக் கேட்கவும் பழக்குங்கள்.

தேர்வில் உறுப்பு மாற்றங்களைக் கேட்டால் அதைத்தான் படிப்பார்கள். பத்து மருந்துகள் உள்ள சீட்டைக் கொடுத்து, முதலில் எதை நிறுத்துவாய், ஏன் என்று கேளுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பென்சோடையஸெபைனைப் படிப்படியாகக் குறைக்காமல் ஒரே நாளில் நிறுத்துவதாக எழுதுபவருக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்