பிக்காச்சு குத்துச்சண்டைக்காரனுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்: போகிமான் அட்டைகளில் வகையும் பலவீனமும்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போகிமான் வீடியோ கேம், அட்டை விளையாட்டு இரண்டிலும் அவனுக்கு ஆர்வம் அதிகம். வீடியோ கேமில் பிக்காச்சுவுக்கு உள்ள ஒரே பலவீனம் கிரவுண்ட் என்னும் நில வகைதான் என்று அடித்துச் சொல்கிறான். ஆனால் அவனிடம் உள்ள பிக்காச்சு அட்டையின் அடியில், பலவீனம் குறிக்கப்படும் இடத்தில், மடக்கிய கைமுட்டியின் சின்னம் இருக்கிறது. இது அச்சுப் பிழையா, அல்லது போலி அட்டையா?

பதில்: இரண்டும் இல்லை. உங்கள் மகன் சொல்வதும் சரி, அட்டையில் இருப்பதும் சரி. வீடியோ கேம் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தபோது அதில் 15 வகைகள் இருந்தன. 1999இல் ஸ்டீல், டார்க் ஆகிய இரண்டும், 2013இல் ஃபேரியும் சேர்ந்து இன்று 18 ஆகிவிட்டன. அதே 1996ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அட்டை விளையாட்டோ, அந்தப் பதினைந்தையும் புல், நெருப்பு, நீர், மின்னல், சைக்கிக், ஃபைட்டிங், நிறமற்றது என ஏழு பிரிவுகளுக்குள் அடக்கியது.

அப்படி அடக்குவதற்குத் தேவை இருந்தது. அட்டை விளையாட்டில் ஒரு தாக்குதலைச் செய்ய உரிய எனர்ஜி அட்டைகளைப் போகிமானோடு இணைக்க வேண்டும். 60 அட்டைகள் மட்டுமே கொண்ட ஒரு டெக்கில் இரண்டு மூன்று வகை எனர்ஜிக்கு மேல் வைத்தால், வேண்டிய நேரத்தில் வேண்டிய அட்டை கைக்கு வராது. தொடக்கத்தில் இருந்த 151 போகிமான்களில் கோஸ்ட் வகையில் இருந்தவை மூன்று, டிராகன் வகையில் இருந்தவையும் மூன்று. மூன்று உயிரினங்களுக்காகத் தனியாக ஓர் எனர்ஜியை அச்சிட்டிருந்தால், அதை நம்பி எவரும் ஒரு டெக்கை அமைத்திருக்க முடியாது. ஆகவே கிரவுண்டும் ராக்கும் ஃபைட்டிங்கோடு ஒரே குடும்பமாகி, மூன்றுக்கும் பொதுவாக அந்தக் கைமுட்டிச் சின்னம் அமைந்தது.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பில் பிக்காச்சுவுக்கு 40 ஹெச்.பி. (அது வீழும் முன் தாங்கும் சேதத்தின் அளவு). அதே தொகுப்பில் மச்சாப் என்ற மல்லன், ஒரே ஒரு எனர்ஜியைக் கொண்டு 20 சேதம் தரும் ஓர் உதையை விடுகிறான். பிக்காச்சுவின் பலவீனம் ஃபைட்டிங் என்பதால் அது இரண்டு மடங்காகி 40 ஆகிறது. ஒரே உதையில் பிக்காச்சு வீழ்கிறது. வீடியோ கேமில் மச்சாப்பின் ஃபைட்டிங் வகைத் தாக்குதலுக்குப் பிக்காச்சுவிடம் இப்படி எந்தச் சலுகையும் கிடையாது. நிலத்தைக் குடையும் டிக்லெட்டுக்கு உரிய உரிமையை, அதே குடும்பத்தில் பெயர் சேர்க்கப்பட்ட ஒரே காரணத்தால், மச்சாப்பும் பெற்றுவிட்டது.

இனி அந்த டிக்லெட்டையும் பார்ப்போம். வீடியோ கேமில் மின்சாரத் தாக்குதல் கிரவுண்ட் வகையை அறவே தொடாது. அட்டையில் ‘அறவே தொடாது’ என்ற விதி இல்லை. அதற்குப் பதிலாக டிக்லெட் அட்டையின் எதிர்ப்பு என்ற கட்டத்தில் மின்னல் சின்னமும் −30 என்ற எண்ணும் இருக்கின்றன. அந்த முதல் தொகுப்புப் பிக்காச்சுவின் பெரிய தாக்குதல் சரியாக 30 சேதம். முப்பதில் முப்பது போக மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் பிக்காச்சுவின் வளர்ந்த வடிவமான ராய்ச்சுவின் 60 சேதத் தாக்குதல் வந்தால் மிச்சம் 30 இருக்கும். டிக்லெட்டின் மொத்த ஹெச்.பி.யும் அந்த 30தான். முழுப் பாதுகாப்பாக இருந்தது அட்டையில் பாதிக் கவசமாகிவிட்டது.

கேள்வி: ஒரே நிறத்தில் உள்ள இரண்டு அட்டைகளுக்கு வெவ்வேறு பலவீனம் இருக்கக் காண்கிறேன். நிறம் ஒன்று என்றால் பகையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது; அட்டையின் அடிவரியை இவ்வளவு கவனமாகப் படிப்பவர்கள் குறைவு. நிறம், அந்தப் போகிமான் எந்தக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. அந்தக் குடும்பத்துக்குள் அது யார் என்பதைச் சொல்வது பலவீன வரிதான்.

2020இல் ஆங்கிலத்தில் தொடங்கிய ஸ்வோர்டு அண்ட் ஷீல்டு காலத்திலிருந்து இந்த முறை தெளிவாகவே தெரிகிறது. சைக்கிக் என்ற ஊதா நிற அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனம் டார்க்னஸ் (முதல் ஏழு பிரிவுகளுக்குப் பின், டார்க் வகைக்காகச் சேர்ந்த பிரிவு) என்றும் எதிர்ப்பு ஃபைட்டிங் என்றும் இருந்தால், பெரும்பாலும் அது வீடியோ கேமில் சைக்கிக் அல்லது கோஸ்ட் வகையைச் சேர்ந்தது. பலவீனம் மெட்டல் (அவ்வாறே ஸ்டீல் வகைக்காகச் சேர்ந்த பிரிவு) என்றிருந்தால் அது ஃபேரி. கைமுட்டிச் சின்னமுள்ள அட்டைகளில் பலவீனம் சைக்கிக் என்றால் அது உண்மையான மல்லன். புல் என்றால் அது கிரவுண்டோ ராக்கோ. நீல நிற அட்டையில் மின்னல் பலவீனம் என்றால் நீர் வகை, மெட்டல் என்றால் பனி வகை. நிறமற்ற அட்டைகளில் பறவைகளுக்கு மின்னல் பகை, ஏனைய சாதாரண வகைக்கு ஃபைட்டிங் பகை. இந்தக் கடைசி வேறுபாடு முதல் தொகுப்பிலேயே பிட்ஜி என்ற பறவையிலும் சான்சி என்ற சாதாரண வகையிலும் இருந்தது.

டார்க்னஸ் அட்டைகள் இன்னும் சுவையானவை. அவற்றில் டார்க் வகைக்குப் புல் பலவீனம் என்று இருப்பதைப் பார்த்துப் பலரும் திகைப்பார்கள். இருளைப் புல் எப்படி வெல்லும்? வீடியோ கேமில் டார்க்கை வெல்லும் வகைகளுள் ஒன்று பூச்சி வகை. அட்டையில் பூச்சிகள் புல் குடும்பத்தில் இருக்கின்றன. ஆகவே பூச்சியின் பகை புல்லின் பெயரில் எழுதப்படுகிறது. அதே நிறத்தில் ஃபைட்டிங் பலவீனத்தோடு ஓர் அட்டை வந்தால், அது பெரும்பாலும் நச்சு வகை. நச்சைக் கிரவுண்ட் வெல்லும், கிரவுண்டோ கைமுட்டிச் சின்னத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த நச்சு வகை மூன்று வீடுகளில் குடியிருந்திருக்கிறது. எக்கான்ஸ், காஃபிங் போன்றவை முதலில் புல் நிறத்தில் அச்சாயின. 2007இல் ஆங்கிலத்தில் வந்த டயமண்ட் அண்ட் பேர்ல் காலத்தில் சைக்கிக்கிற்கு மாறின. 2020இல் டார்க்னஸுக்குச் சென்றன. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் குழந்தை குழம்பினால், பிழை குழந்தையுடையதன்று.

கேள்வி: சாரிசார்ட் நெருப்பும் பறத்தலும் கலந்த இரட்டை வகை. அட்டையில் நெருப்பு மட்டுமே தெரிகிறதே, இறக்கைக்கு மதிப்பு இல்லையா?

பதில்: முதல் தொகுப்பின் சாரிசார்ட் அட்டையைப் பாருங்கள்: 120 ஹெச்.பி., நெருப்புச் சின்னம், நீர் பலவீனம். அதற்குப் பக்கத்தில் எதிர்ப்பு என்ற இடத்தில் ஃபைட்டிங் −30 என்று இருக்கிறது. நெருப்பு வகைக்கு அந்த எதிர்ப்பு சொந்தமானதன்று, அது இறக்கையின் கொடை. பறக்கும் உயிரைத் தரையின் தாக்குதல் எட்டாது என்ற வீடியோ கேம் விதி அந்தச் சிறு கட்டத்தில் வாழ்கிறது. ஆயினும் வீடியோ கேமில் ராக் வகைத் தாக்குதல் சாரிசார்டை நான்கு மடங்கு தாக்கும் என்பதை நினைத்தால், இந்த அட்டையில் தலைகீழாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ராக்கும் கைமுட்டிக் குடும்பமே என்பதால், சாரிசார்டை நடுங்க வைக்க வேண்டிய கல், அட்டையில் 30 குறைந்து வந்து விழுகிறது. மொத்த மாற்றத்திலும் எனக்கு உறுத்தும் இடம் இது ஒன்றுதான்.

இரண்டு சின்னங்களை ஒரே அட்டையில் அச்சிடும் முயற்சியும் நடந்தது. 2004இல் டீம் மாக்மா, டீம் அக்வா தொகுப்பிலும், 2016இல் ஸ்டீம் சீஜ் தொகுப்பிலும் இரட்டை வகை அட்டைகள் வந்தன. அது நிலையான வழக்கமாகவில்லை.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ கேமில் தாக்குதலின் வகையை வைத்துப் பலவீனம் கணக்கிடப்படும். அட்டையில் தாக்கும் போகிமானின் வகையை வைத்துக் கணக்கிடப்படும். 2023இல் அப்சிடியன் ஃபிளேம்ஸ் தொகுப்பில் வந்த சாரிசார்ட் எக்ஸ், நெருப்பு எனர்ஜியைக் கொண்டே தாக்குகிறது. ஆனால் அந்த அட்டை டார்க்னஸ் நிறம். எனவே நெருப்புப் பலவீனமுள்ள எதிரிக்கு அதன் தீயால் இரட்டிப்புச் சேதம் இல்லை. டார்க்னஸ் பலவீனமுள்ள எதிரிக்கு உண்டு. அதன் சொந்தப் பலவீனம் புல். 330 ஹெச்.பி. இருந்தும், 170 சேதம் தரும் ஒரு புல் போகிமான் அதை ஒரே அடியில் சாய்த்து, வெற்றியை எண்ணும் பரிசு அட்டைகளில் இரண்டை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கைபேசியில் விளையாடும் போகிமான் பாக்கெட்டில் பலவீனம் +20 என்று இருக்கிறது. காகித அட்டையில் ×2. எது சரியான விதி?

பதில்: அவை இரண்டும் தனித்தனி விளையாட்டுகள். 2024 அக்டோபரில் வெளியான பாக்கெட்டில் 20 அட்டை டெக். பலவீனம் எப்போதும் 20 கூட்டும், எதிர்ப்பு என்ற கட்டமே கிடையாது. காகிதத்திலும் இத்தகைய கூட்டல் ஒருமுறை வந்து போனது: டயமண்ட் அண்ட் பேர்ல் காலத்தில் +10, +20, +30 என்று, பொதுவாகப் பரிணாமப் படிக்கு ஏற்ப, எண்கள் அச்சாயின. 2010இல் ×2 திரும்பியது. எதிர்ப்பும் அவ்வாறே −30இலிருந்து −20க்கு இறங்கி, 2020இல் மீண்டும் −30 ஆனது. பழைய அட்டையை விளையாடும்போது அந்த அட்டையில் அச்சாகியுள்ள எண்ணையே பின்பற்ற வேண்டும். காகித விளையாட்டில் முதலில் பலவீனத்தால் பெருக்கி, அதன்பின் எதிர்ப்பைக் கழிக்க வேண்டும். பெஞ்சில், அதாவது களத்தின் பின்வரிசையில் காத்திருக்கும் போகிமான்களுக்கு இவ்விரண்டும் பொருந்தாது. வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்தப் பெஞ்ச் விதியை மறப்பதால் வருபவை.

கேள்வி: என் மகளிடம் இளஞ்சிவப்பு ஃபேரி அட்டைகள் சில உள்ளன. புதிய அட்டைகளில் அந்த நிறமே இல்லை. டிராகன் அட்டைகளில் பலவீனமே அச்சாகவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. டிராகன் நிறம் 2012இல் தனியாகப் பிரிந்தபோது, டிராகனுக்கு டிராகனே பலவீனம் என்று அச்சிட்டார்கள். அதற்கென்று அடிப்படை எனர்ஜி அட்டை எதுவும் வெளியிடப்படவில்லை; பெரும்பாலான டிராகன்கள் வேறு இரு நிற எனர்ஜிகளைக் கலந்தே தாக்கின. ஆங்கிலத்தில் 2014இல் வந்த எக்ஸ்-ஒய் தொகுப்பில் ஃபேரி நிறம் பிறந்ததும் டிராகனின் பலவீனம் ஃபேரி ஆனது. 2020இல் ஃபேரி நிறம் நிறுத்தப்பட்டு, அந்தப் போகிமான்கள் சைக்கிக்கில் சேர்ந்தன. அதன்பின் வந்த டிராகன்களோ பலவீனமும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் நின்றன. உங்கள் மகளின் பழைய அட்டைகள் தாமாகவே சைக்கிக் ஆகிவிடுவதில்லை. அவை என்றும் ஃபேரிதான்.

கிளெஃபெய்ரி ஒன்றைப் பின்தொடர்ந்தாலே இந்த வரலாறு முழுவதும் கிடைக்கும். முதல் தொகுப்பில் நிறமற்றது, பிறகு இளஞ்சிவப்பு, இப்போது ஊதா. 2025இல் ஜர்னி டுகெதர் தொகுப்பில் வந்த லில்லியின் கிளெஃபெய்ரி எக்ஸ் அட்டையில் ‘ஃபேரி ஸோன்’ என்று ஒரு திறன் இருக்கிறது. அது களத்தில் இருக்கும்வரை எதிராளியின் டிராகன் போகிமான்கள் அனைத்துக்கும் சைக்கிக் பலவீனமாகிவிடும், அதுவும் ×2. டிராகன் டெக் வைத்திருக்கும் தோழி யாராவது உங்கள் மகளுக்கு இருந்தால், அந்த ஓர் அட்டையைத் தேடி வாங்கிக் கொடுங்கள்.