தண்ணீர் அதிகமானால் விதை மூச்சுத் திணறும்

பத்து நாளாகியும் அவரை விதை முளைக்கவில்லை, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன் என்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தத் தண்ணீர்தான் வினை என்று தோன்றுகிறது. விதையும் மூச்சு விடும். ஊறியதும் உள்ளே சேர்த்து வைத்த மாவுச்சத்தை எரிக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஆனால் மண் இடுக்கெல்லாம் நீர் நிரம்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் அது வந்து சேரும். ஒரு விதையைத் தோண்டி நசுக்கிப் பாருங்கள், கொழகொழவென்று புளித்த வாடை அடித்தால் அது போய்விட்டது. (நெல் மட்டும் கொஞ்சம் அடாவடி, ஆக்சிஜன் இல்லாமலும் குருத்தை நீட்டும், ஆனால் வேர் விடாது.) சரி, தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், மண்ணோடு கரடு மணல் கலந்து புது விதை போடுங்கள், அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள்.