உருக்காலை ஊர்க்காரர்

கேள்வி: ரஷ்ய எஃகு அதிபர் மொர்தஷோவுக்கு இவ்வளவு சொத்து எப்படி வந்தது?

பதில்: அலெக்ஸி மொர்தஷோவின் பெற்றோரே ரஷ்யாவின் செரெபோவெட்ஸ் நகர உருக்காலையில் வேலை பார்த்தவர்கள்தான். இவரும் 1988-ல் அங்கே பொருளாதாரப் பிரிவில் சேர்ந்தார், 1992-ல் நிதி இயக்குநர். சோவியத் உடைந்து ஆலை தனியாருக்குப் போனபோது, வெளியாட்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று சொல்லி, கையில் காசில்லாத தொழிலாளர்களிடமிருந்து பங்குகளை வாங்கிக் குவித்து, கடைசியில் ஆலையே இவருடையது ஆனது. (சாமர்த்தியமா, அநியாயமா? இரண்டும்தான்!) அதுதான் செவர்ஸ்டால். 2006-ல் ஐரோப்பிய எஃகு நிறுவனமான ஆர்செலாரோடு இணையப் பார்த்தார். நம் லட்சுமி மிட்டல் தட்டிக்கொண்டு போனார், ஆனாலும் ஒப்பந்தம் முறிந்ததற்கு செவர்ஸ்டாலுக்கு 14 கோடி யூரோ கிடைத்தது! அப்புறம் நார்ட்கோல்டு தங்கச் சுரங்கம், லென்டா சூப்பர் மார்க்கெட், ஜெர்மனியின் டூயி சுற்றுலா நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கையில் இருந்தது. உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பியத் தடை. 'லேடி எம்' உல்லாசப் படகை இத்தாலி முடக்கிவிட்டது, அதைவிடப் பெரிய 'நார்ட்' மட்டும் ரஷ்யத் துறைமுகமான விளாடிவோஸ்டாக் போய்ச் சேர்ந்தது.