80 கி.மீ. என்றார்கள், 37-இல் நின்றது: பேட்டரி மோசமா, கணக்கு மோசமா?

கேள்வி: பழைய மொபெட் பிரேமில் 1000 வாட் ஹப் மோட்டார் பொருத்தி நானே எலெக்ட்ரிக் பைக் செய்திருக்கிறேன். பேட்டரி மட்டும் வெளியில் கட்டி வாங்கியது. 48 வோல்ட், 30 ஏஎச் (ஆம்பியர் அவர்) லித்தியம், சார்ஜரில் 54.6 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 80 கி.மீ. ஓடும் என்று சொல்லித் தந்தார்கள். முதல் ஓட்டத்தில் 37 கி.மீ.யில் பட்டென்று அணைந்துவிட்டது, தள்ளிக்கொண்டுதான் வந்தேன். மூன்றாம் முறை 44. விற்றவர் "பத்து சார்ஜ் போனால் பேட்டரி திறந்துகொள்ளும்" என்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காப்பு சர்க்யூட்டை பைபாஸ் செய்தால் பத்து கி.மீ. கூடும் என்கிறார். நடுரோட்டில் நிற்காமல் ரேஞ்சைச் சோதிப்பது எப்படி? பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்கை வழியனுப்பிவிடுவோம். பிஎம்எஸ் பேக்கின் காவல்காரன். எந்த ஒரு செல் வரிசை அடிமட்டத்துக்கு இறங்கினாலும் கரண்டைத் துண்டித்துவிடும். அதைத் தாண்டிக் கம்பி போட்டால் கூடக் கிடைப்பது இரண்டு மூன்று கி.மீ. இருக்கலாம். ஆனால் செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போனால் அதனுள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு போகக்கூடாத இடத்தில் போய்ப் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். இப்படிக் கெட்ட பேக்கைத்தான் நாம் ராத்திரி வீட்டுக்குள் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். பைபாஸ் என்ற பேச்சை எடுப்பவரிடம் பேட்டரி விஷயமாக வேறு எதுவும் கேட்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. 37, 44 என்ற எண்களை வைத்து பேட்டரியைத் தீர்ப்பு சொல்ல முடியாது. பெட்ரோல் வண்டி 200 கி.மீ. போனது என்று மட்டும் சொன்னால், டேங்க் எத்தனை லிட்டர், மைலேஜ் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? இங்கேயும் அதே கதை. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. உங்கள் வண்டி கி.மீ.க்கு எவ்வளவு குடிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளந்தால் தள்ளிக்கொண்டு வரும் வேலையும் இல்லை.

80 கி.மீ. எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 48-ஐ 30-ஆல் பெருக்கினால் 1440 வாட் அவர், அதாவது பேட்டரியில் இருக்கும் மொத்த ஆற்றல். உண்மையில் உங்கள் சார்ஜர் 54.6 வோல்ட் என்பதால் உங்களுடையது 13 செல் வரிசைகளைத் தொடராக இணைத்த பேக், சராசரி வோல்ட் 47-க்குப் பக்கம், ஆகவே 1400 என்று வைத்துக்கொள்ளலாம். அதை 80-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு 17.5 வாட் அவர். சமதளத்தில், காற்றில்லாத நாளில், ஒல்லியான ஒருவர் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போனால் இது நடக்கக்கூடியதுதான். நீங்கள் 1000 வாட் மோட்டார் போட்டது அதற்காகவா? 45-இல் போயிருப்பீர்கள். வேகம் 25-லிருந்து 45 ஆகும்போது காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் கி.மீ.க்கு மூன்று மடங்குக்கு மேல் செலவாகும். மற்ற உராய்வு பெரிதாக மாறாது என்றாலும் மொத்தத்தில் 28, 30 வாட் அவர் என்று போய் நிற்கும். 1400-ஐ 30-ஆல் வகுத்தால் 46. உங்கள் 44 அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே பொய் சொன்னது பேட்டரியா, விற்றவரின் வாயா என்று இன்னும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அளக்கும் முறைக்கு வருவோம். பலர் முதலில் வாங்குவது வண்டியில் பொருத்தும் வாட் மீட்டரை. 100 ஆம்பியர், 150 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே போகும் கம்பியோ பென்சில் முனை தடிமன். 30, 40 ஆம்பியர் தொடர்ந்து இழுத்தால் அது உருகும். தனி ஷன்ட் (கரண்டை அளக்கும் தடித்த உலோகத் துண்டு) உள்ள நல்ல மீட்டர் கிடைத்தால் சரி. ஆனால் உங்களுக்கு அதுகூட வேண்டாம். ஒரு சின்ன மீட்டரை சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவில் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஓடுவது ஐந்து, ஆறு ஆம்பியர்தான். சாதாரண மீட்டரே தாங்கும். லித்தியத்தில் வெளியே போன ஏஎச் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே திரும்ப உள்ளே போகும். வாட் அவரைப் பார்க்காதீர்கள், ஏற்றும்போது அது சற்று அதிகமாகக் காட்டும். ஏஎச் மட்டும் பாருங்கள். சுவர் பிளக்கில் செருகும் மீட்டரும் இதற்கு உதவாது, சார்ஜர் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்துக் கணக்குக் காட்டிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரியை முழுக்க ஏற்றுங்கள். சார்ஜரைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து 54.6 வருகிறதா பாருங்கள். 53.5-இல் பச்சை விளக்கு காட்டும் சார்ஜர்கள் நிறைய உண்டு, அப்படியென்றால் பேட்டரி நிறையவே இல்லை. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். தெரிந்த சாலையில் பத்து கி.மீ. போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடும், மேடும் பள்ளமும் ஓரளவு கழிந்துவிடும். தினமும் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள். சோதனை என்பதற்காக மெதுவாகப் போனால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். தூரத்தைப் போனில் பாருங்கள். சக்கர அளவை மாற்றிய வண்டியில் பழைய மீட்டர் சொல்லும் கி.மீ.யை நான் நம்புவதில்லை.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆறவிட்டு சார்ஜில் போடுங்கள். நிறைந்ததும் மீட்டர் 12.4 ஏஎச் காட்டுகிறது என்று வையுங்கள். 20-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு 0.62. பேக்கில் 30 ஏஎச் உண்மையிலேயே இருந்தால் 48 கி.மீ. வரும். இதில் பத்து சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழியுங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது வோல்ட் அதிகம், அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும். கீழே இறங்க இறங்க அதிகமாக இழுக்கும். ஆக 43. இது உங்கள் வண்டியின், உங்கள் சாலையின், உங்கள் உடம்பின் ரேஞ்ச். விற்றவர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த 30 உண்மையா என்பதை மட்டும் ஒரே ஒரு முறை பேட்டரியைக் காலி செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கு ஊர் சுற்ற வேண்டாம். 30 கி.மீ. ஓட்டியபின் வீட்டைச் சுற்றியே ஒரு கி.மீ. வட்டத்தில் ஓட்டுங்கள். பட்டென்று அணையும் என்பதால் வண்டிகள் பறக்கும் சாலையில் இதைச் செய்யாதீர்கள். கடைசியில் த்ராட்டிலை மெதுவாகத் திருகுங்கள். முறுக்கினால் வோல்ட் சரிந்து பிஎம்எஸ் முன்கூட்டியே துண்டித்துவிடும், பேக்கில் மிச்சம் இருக்கும்போதே காலி என்று நினைத்துவிடுவீர்கள். உங்கள் 37-க்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம். அணைந்ததும் அன்றைக்கே சார்ஜ் ஏற்றுங்கள், காலி வயிற்றோடு நாள்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. மீட்டரில் ஏறும் மொத்த ஏஎச்தான் உங்கள் பேக்கின் உண்மையான கொள்ளளவு.

போனில் பிஎம்எஸ் ஆப் இருக்கிறதே, அதிலேயே 30 ஏஎச் காட்டுகிறதே என்பீர்கள். அந்த 30-ஐ உள்ளே தட்டியதே விற்றவர்தான்! ஆப்பில் செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள், கொள்ளளவு என்ற கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் போடலாம். 50 என்று போட்டால் 50 காட்டும், சதவீதமும் அதற்கேற்ப ஆடும். ஒரு முறை என்னிடம் வந்த பேக்கில் ஆப் 41 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணைந்தது. கொண்டுவந்தவர் மோட்டாரில் கோளாறு என்று இரண்டு மாதம் அலைந்திருக்கிறார். ஆப்பில் நம்பக்கூடியது ஒன்று உண்டு, ஒவ்வொரு செல் வரிசையின் வோல்ட். வண்டி அணைந்த உடனே அதைத் திறந்து பாருங்கள். 13-உம் 3.1, 3.2 என்று கூட்டமாக இறங்கியிருந்தால் பேக் ஒழுங்காகக் கட்டப்பட்டது. பன்னிரண்டு 3.4-இல் நிற்க, ஒன்று மட்டும் 2.8-இல் கிடந்தால் அந்த ஒன்றுதான் மொத்தப் பேக்கையும் இழுத்து நிறுத்துகிறது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப் இல்லையென்றால் பேக்கைப் பிரித்து அளக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள், மல்டிமீட்டர் முனை ஒன்று வழுக்கினாலே வெல்டிங் பொறி பறக்கும்.

பத்து சார்ஜில் "திறந்துகொள்ளும்" கதை பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் அப்படித் திறந்துகொள்வதில்லை. ஆனால் கதைக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. புதிதாகக் கட்டிய பேக்கில் வரிசைகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். பிஎம்எஸ் அதைச் சமன்செய்யும், சில பத்து மில்லிஆம்பியர் வேகத்தில். ஒரு ஏஎச் வித்தியாசத்தை 50 மில்லிஆம்பியரில் சரிசெய்ய 20 மணி நேரம். ஆகவே முதல் சில தடவை, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், பச்சை விளக்கு வந்தபிறகும் சார்ஜரில் சில மணி நேரம் விட்டுவையுங்கள். 37 எப்படி 44 ஆனது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக 80 வரை ஏறிக்கொண்டே போகும் என்று காத்திருக்காதீர்கள். அவர் காத்திருக்கச் சொல்வது, திருப்பித் தரும் கெடு முடியட்டும் என்றுதான்.

அடுத்தது உங்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சார்ஜரில் 58.4 என்று இருந்தால் அது 16 வரிசை லித்தியம் அயர்ன் பாஸ்பேட், லித்தியத்திலேயே வேறு வகை. அந்த பேக்கில் வோல்ட் மீட்டரை நம்பி ஓட்டுவது, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து பஸ் பிடிக்கப் போவதுபோல. 80 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் நடுவே ஒரு செல்லில் 0.1 வோல்ட்கூட மாறாது. 16 செல் சேர்ந்தாலும் ஒன்றரை வோல்ட்டுக்குள். த்ராட்டிலைத் திருகினாலே அதைவிட அதிகம் சரியும். நிறைந்ததும் 58.4 இருக்கும், கழற்றிச் சற்று நேரத்தில் 54-க்குப் பக்கம் வந்து உட்காரும். "சார்ஜ் இறங்கிவிட்டது" என்று பதறிப்போய் வருபவர்கள் உண்டு. இறங்கவில்லை, அதன் குணம் அது. அப்புறம் மணிக்கணக்கில் 52, 52 என்றே காட்டி, திடீரென்று கிணற்றில் விழுந்ததுபோல இறங்கும். என் முதல் பாஸ்பேட் வண்டியை ஆறு கி.மீ. தள்ளியவன் நான். மீட்டரில் மூன்று கோடு மிச்சம் இருந்தது. அந்த மீட்டர் ஈய பேட்டரிக்குச் செய்தது என்று வீட்டுக்கு வந்து வியர்வை காய்ந்த பிறகுதான் உறைத்தது. பாஸ்பேட்காரர்கள் ஏஎச் எண்ணும் மீட்டர் இல்லாமல் ரேஞ்ச் சோதனைக்குக் கிளம்பவே கூடாது.

திருப்பிக் கொடுக்கப் போனால் ஒரு சான்றிதழை நீட்டுவார்கள். பெரும்பாலும் யூஎன் 38.3. அது பேட்டரியைப் பத்திரமாக ஏற்றி அனுப்பலாமா என்பதற்கான சோதனை: குலுக்கல், சூடு, ஷார்ட், அழுத்தம் இப்படி. எத்தனை ஏஎச் இருக்கிறது என்பதற்கும் அந்தக் காகிதத்துக்கும் தொடர்பில்லை. அதுவும் தொழிற்சாலை செல்லுக்கு வாங்கியதாக இருக்கும், ஒரு மேஜையில் வைத்துக் கட்டிய உங்கள் பேக்குக்கு இருக்காது. தராசுக்கு முத்திரை குத்த ஆள் இருக்கிறது. பேக்கின் மேல் ஒட்டும் ஏஎச் ஸ்டிக்கரைக் கேள்வி கேட்க மட்டும் லேசில் ஆள் கிடைப்பதில்லை. கேட்கப் போனால் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கைகாட்டுவார்கள். ஆகவே உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

ஒரு எடைத் தராசும் உதவும். நல்ல செல்லே கிலோவுக்குச் சுமார் 250 வாட் அவர்தான் தரும். உங்கள் 1400-க்குச் செல் மட்டுமே ஐந்தரை கிலோவுக்கு மேல் வர வேண்டும். பேக் மொத்தமே ஐந்து கிலோ என்றால் மீட்டர்கூட வேண்டாம், ஸ்டிக்கர் பொய். எடை அதிகமாக இருந்தால் உண்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப்பிலிருந்து பிரித்த கிழட்டு செல்லும் அதே எடைதான், மேலே புது உறை போட்டால் பளபளக்கும். 18650 என்ற அளவு உருளை செல்லில் 3500 மில்லிஆம்பியர் அவர் என்பதே ஏறக்குறைய உச்சம். 5000, 9900 என்று எழுதிய 18650-ஐ யாராவது காட்டினால் கடையை விட்டே வெளியே வாருங்கள்.

உங்கள் முழு சார்ஜில் 27 ஏஎச், அதற்கு மேல் ஏறினால் பேட்டரியை வைத்துக்கொள்ளுங்கள். 80 என்று சொன்னதற்காகச் சண்டை போடலாம், ஆனால் பேக் குற்றவாளி இல்லை. வேகத்தை 35-க்குக் குறைத்தாலே ரேஞ்ச் கூடுவதைப் பார்ப்பீர்கள். 24, 25 என்றால் சமன்செய்ய விட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். 22-க்குக் கீழே என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். போகும்போது மீட்டரையும் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போய், காலி பேக்கை அவர் கடையிலேயே, அவர் கண் முன்னால் ஏற்றிக் காட்டுங்கள். நாலைந்து மணி நேரம் ஆகும். உட்கார நாற்காலி கேளுங்கள்.